திறப்பைக் கொடுத்த திங்கட்கிழமை

"அக்கா, மூன்று அறை வீட்டை ஏன் விட்டீர்கள்? மகனின் பெயருக்கு மாற்றியிருக்கலாமே?" லண்டனில் என் மூன்று அறைக் கவுன்சில் வீட்டைத் திருப்பிக் கொடுத்து ஓர் அறை வீட்டுக்கு மாறியதிலிருந்து, கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளூராட்சி மன்றம் வாடகைக்குக் கொடுக்கிற வீட்டில், இருக்கிற எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் இதைத்தான் கேட்கிறார்கள். மாற்ற முடியாது. நானும் இவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுத்த வீடு அது. இவர் காலமானதும் வீடு என் ஒருத்தியின் பெயருக்கு வந்தது. சட்டப்படி அதுவே ஒரு கைமாற்றம். பொதுவாக இந்த வீடுகள் அப்படி ஒரு தடவைதான் கைமாறும். எனக்குப் பிறகு மகன் அங்கேயே குடியிருந்தாலும் அவனுக்கு உரிமை கிடையாது. இது தெரியாமல் எத்தனையோ பேர் பிள்ளைகளுக்காக என்று சொல்லிப் பெரிய வீட்டைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கிழக்கு லண்டனில் அந்த வீட்டுக்கு வந்தது 1994இல். மூன்று பிள்ளைகளும் கலியாணம் கட்டிப் போனார்கள். இவரும் 2020இல் போய்விட்டார். மூன்று படுக்கையறையில் இரண்டு சும்மா கிடந்தன. பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு அரைநேர வேலை. சம்பளம் போதாததால் அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகை உதவியும் வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கேதான் சிக்கல். 2013 ஏப்ரலில் வந்த 'பெட்ரூம் டாக்ஸ்' இருக்கிறதே, அது பெயரில்தான் வரி. உண்மையில் வாடகை உதவியில் வெட்டு. ஓர் அறை கூடுதலாக இருந்தால் வாடகையில் 14 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதம். என் வாடகை கிழமைக்கு (வாரத்துக்கு) 144 பவுண்ட். அதில் 36 பவுண்ட் என் கையிலிருந்து போனது. வருடத்துக்கு 1,872. பென்ஷன் வயதை எட்டியவர்களுக்கு இந்த வெட்டு இல்லை. எனக்கு அப்போது 61. என் பென்ஷன் வயதான 66 வரைக்கும் ஐந்து வருடம். கல்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன், ஒன்பதாயிரத்துக்கு மேல் வந்தது. அன்று இரவு நித்திரை வரவில்லை.

மனது அவசரப்பட்டாலும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்று அறை வீட்டுக்கு எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. என் வீடு கவுன்சிலுக்குத் தேவை. ஆகவே நான் கெஞ்ச வேண்டியதில்லை, கேட்டு வாங்கலாம். சின்ன வீட்டுக்கு மாற விண்ணப்பம் போட்டதும் வரிசையின் மேல்தட்டில் சேர்த்தார்கள். விட்டுக்கொடுக்கும் ஒவ்வோர் அறைக்கும் ஆயிரம் பவுண்ட், சாமான் ஏற்ற வேனும் ஆட்களும் அவர்கள் செலவு. இது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். வாடகை பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

இடையில் ஹோம்ஸ்வாப்பர் என்ற இணையத்தளத்திலும் பெயர் பதிந்தேன். வாடகைக்காரர்கள் தங்களுக்குள் வீடு மாற்றிக்கொள்கிற வழி அது. இரண்டு பிள்ளைகளோடு ஓர் அறைக்குள் நெருக்குப்பட்ட ஒரு பெண் கூப்பிட்டார். கவுன்சில் 42 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் மறுக்கவும் முடியாது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்த வழியில் வீட்டை இருக்கிறபடியே ஏற்க வேண்டும். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அலுமாரியை மெல்ல விலக்கிப் பார்த்தேன், சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். பாவம்தான், என்றாலும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். லண்டன் கவுன்சில் வீட்டில் இருக்கும் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கடற்கரையோரமோ நாட்டுப்புறமோ வீடு கொடுக்கிற 'சீசைட் அண்ட் கன்ட்ரி ஹோம்ஸ்' என்ற திட்டமும் இருக்கிறது. மருமகளுக்கு அது நல்ல விருப்பம். "மாமி, கடல் பார்த்துக்கொண்டு இருக்கலாமே" என்றாள். கடலை நான் வல்வெட்டித்துறையில் தேவையான அளவு பார்த்துவிட்டேன். முருங்கைக்காயும் கோவிலும் பஸ்ஸில் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

பிறகு 'பிட்' (bid) போடும் படலம். கிழமைக்கு ஒருமுறை காலி வீடுகளின் பட்டியல் வரும், பிடித்ததற்குப் பெயர் கொடுக்க வேண்டும். முதலில் கிடைத்தது ஏழாம் மாடி. பார்க்கப் போன அன்றே லிப்ட் வேலை செய்யவில்லை. ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோதே முடிவெடுத்துவிட்டேன். இரண்டாவது புத்தம்புதுக் கட்டடம், குசினி பளபளவென்று இருந்தது. வாடகை எவ்வளவு என்று கேட்டேன். கிழமைக்கு 189 பவுண்ட். மூன்று அறைக்கு 144, ஓர் அறைக்கு 189! அது 'அஃபோர்டபிள் றென்ட்', சந்தை வாடகையில் 80 சதவீதம் வரைக்கும் வாங்கலாம் என்றார்கள். எனக்கு இருந்தது அதைவிடக் குறைவான 'சோசல் றென்ட்'. இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அவ்வளவுதான். குறைந்த அறை என்றால் குறைந்த வாடகை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் கவுன்சிலில் சின்ன வீட்டுக்கு மாறுகிறவர்கள் வேண்டாம் என்று சொன்னால் தண்டனை இல்லை. சில இடங்களில் இத்தனை தடவைதான் மறுக்கலாம் என்று கணக்கு உண்டு, முதலிலேயே கேட்டு வையுங்கள்.

மூன்றாவது சரிவந்தது. அறுபதுகளில் கட்டிய பழைய புளொக், தரைத்தளம், பின்னால் பாய் விரிக்கிற அளவில் ஒரு முற்றம், வாடகை 112. கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வியை ஈமெயிலில் கேட்டு, பதிலையும் ஈமெயிலிலேயே வாங்கினேன். இது சோசல் றென்ட்தானா? எனக்கு முன்பிருந்த 'செக்யூர் டெனன்சி', அதாவது சுலபமாக எழுப்ப முடியாத குடியிருப்பு உரிமை, அப்படியே தொடருமா? இரண்டுக்கும் ஆம் என்று எழுத்தில் வந்த பிறகுதான் பேனையை எடுத்தேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் சீமெந்துத் தரை. கார்ப்பெட் இல்லை, திரைச்சீலைக் கம்பி இல்லை, அடுப்பு இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் சதுரமாக ஓர் எண்ணெய்க் கறை மட்டும். கவுன்சில் வீடுகளை இப்படித்தான் கொடுப்பார்கள், பல வருடம் ஒரே வீட்டில் இருந்ததில் நான் மறந்துபோனேன். ஊக்கத்தொகை இரண்டாயிரம் வருகிறதே என்றால், அது பழைய வீட்டுத் திறப்பை (சாவியை) கொடுத்த பிறகுதான் வரும். செலவு முன்னால், காசு பின்னால். கார்ப்பெட்டுக்கு மகனிடம் கடன் வாங்கினேன். பழைய வீட்டுக்கு நான்கு கிழமை நோட்டீஸ் என்பது விதி. எழுதிக் கேட்டதில் இரண்டு கிழமையாகக் குறைத்தார்கள். அந்த இரண்டு கிழமையும் இரண்டு வாடகை. அதற்கு 'டிஸ்கிரீஷனரி ஹவுசிங் பேமென்ட்' என்று கவுன்சில் கொடுக்கிற கூடுதல் வாடகை உதவி ஒன்று அப்போது இருந்தது, யாரும் தானாகச் சொல்லவில்லை. விண்ணப்பித்தேன், கிடைத்தது.

சாமான் கழிப்பதுதான் பெரும்பாடு. வீட்டுக்குள் இருந்ததைவிடத் தோட்டத்துக் கொட்டிலில்தான் கூட. இவர் பலகை வாங்கி வந்து தன் கையால் அடித்த கொட்டில். எனக்கு மிளகாய்த்தூள் வறுக்க அதற்குள் ஒரு காஸ் அடுப்பும் வைத்துக் கொடுத்தார். கோடையில் கதவைத் திறந்து வைத்து வறுத்தால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா தும்மிக்கொண்டே கை காட்டுவார். வீட்டைப் பார்க்க வந்த கவுன்சில் அலுவலர் அந்தக் கொட்டிலைச் சுற்றி வந்து, "இதை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் அகற்றி உங்களிடம் காசு அறவிடுவோம்" என்று எழுதிக்கொண்டார். நல்ல கொட்டில், வருகிற குடும்பத்துக்குப் பயன்படுமே என்றேன். விதி என்றார். பெடியன்கள் இருவரும் ஒரு சனிக்கிழமை வந்து கழற்றினார்கள். இவர் ஆணி அடித்தால் அடித்ததுதான், மத்தியானம் ஆகியும் கூரை அசையவில்லை. சின்னவன் சுத்தியலைப் போட்டுவிட்டு, "அப்பா இதை எங்களுக்கென்றே அடித்திருக்கிறார்" என்று சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அறுபது பேருக்குச் சமைத்த கிடாரத்தைக் கோவில் மடப்பள்ளிக்குக் கொடுத்தேன். கலியாண வீடியோ கசெட்டுகளை மகள் கொண்டுபோனாள், போட்டுப் பார்க்க அவளிடம் மெஷின் இல்லை. இடியப்ப உரலும் சுளகும் நீத்துப்பெட்டியும் என்னோடு வந்தன. பெரிய கட்டிலையும் சாப்பாட்டு மேசையையும் விட்டேன். புது வீட்டை அளவுநாடா பிடித்து அளந்து, அந்த அளவுக்குப் பழைய தாள்களை வெட்டித் தரையில் விரித்துப் பார்த்ததால்தான் துணிந்து விட முடிந்தது. வேன்காரர்கள் செடி ஏற்ற மாட்டோம் என்றார்கள். ஐந்தடிக் கறிவேப்பிலையைப் போர்வையால் சுற்றி, மகனின் காரில் முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டோம். நான் பின்னால் இருந்து போனேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன் திறப்புகளைக் கொடுக்க வேண்டும். காஸ், மின்சார மீட்டர்களையும் ஒவ்வோர் அறையையும் போனில் படம் எடுத்து வைத்தேன், இது முக்கியம். ஏனென்றால் ஒரு மாதம் கழித்துக் குப்பை அகற்றியதாக ஒரு பில் வந்தது. படங்களை அனுப்பினேன், பில்லை ரத்துச் செய்தார்கள். அலுவலர் திறப்புகளை எண்ணிவிட்டு, "ஒன்று கூடுதலாக இருக்கிறதே" என்றார். கொட்டிலின் திறப்பு. அதைத் திருப்பி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஊக்கத்தொகை ஏழாவது கிழமை வந்தது, மகனின் கடன் அடைந்தது. இப்போது வெட்டு எதுவும் இல்லை. புது வீட்டில் கடுகு தாளித்தாலே புகை அலாரம் கத்துகிறது. மிளகாய் வறுக்க வருடத்துக்கு இரண்டு தடவை மகள் வீட்டுக்குப் போகிறேன். அவளுடைய தோட்டத்தில் இன்னும் கொட்டில் போடவில்லை, மருமகன் பலகை விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.