ஸ்ட்ரிங்குக்கு மட்டும் + ஓகேவாம்

ஜாவால பிக்டெசிமல் (தசம எண்ணைத் துல்லியமா வச்சுக்கிற டைப்) வச்சு பில் கணக்கு எழுதிப் பாருங்க, விலையோட வரியைக் கூட்ட + போட முடியாது, ஆட்-னு ஒரு மெத்தடைக் கூப்பிடணும், பெருக்கணும்னா மல்டிப்ளை, ஒரு சின்ன ஃபார்முலாவுக்கே பிராக்கெட் அடுக்கிட்டுப் போகும். சி++ல இதெல்லாம் நாமளே ஓவர்லோட் பண்ணிக்கலாம், அதாவது நம்ம டைப்புக்கு + என்ன செய்யணும்னு நாமளே எழுதிக்கலாம். ஜாவாவை உருவாக்கின ஜேம்ஸ் காஸ்லிங் வேணும்னேதான் இதை ஜாவால சேர்க்காம விட்டுட்டார், சி++ல ஆளுங்க பண்ண அட்டகாசத்தைப் பார்த்துட்டு. அப்போ ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துத் தொடருக்கு) மட்டும் ஒட்டிச் சேர்க்க + எப்படி வந்துச்சாம்? (அவங்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம்!)

ஆனா அவர் பயந்ததுலயும் தப்பில்ல. << பிட்டை இடப்பக்கம் தள்ளுற ஆபரேட்டர், சி++ல அதையே சிஅவுட் மூலமா ஸ்கிரீன்ல பிரிண்ட் பண்ணவும் ஓவர்லோட் பண்ணிட்டாங்க, முன்னுரிமை (எந்த ஆபரேட்டர் முதல்லங்கிற வரிசை) மட்டும் பழசேதான். சிஅவுட் << 6 & 3னு எழுதினா முதல்ல << தான் 6ஐ இழுத்துக்கும், மிச்சம் நிக்கிற & 3ஐப் பார்த்து கம்பைலர் நீட்டமா எரர் கக்கும். 6 & 3ஐ பிராக்கெட்டுக்குள்ள போட்டா, ரெண்டுலயும் பொதுவா இருக்கிற பிட்டை மட்டும் எடுத்து 2னு ஒழுங்கா வரும்.