பென் டிரைவில் இரட்டையாகத் தெரிந்த கோப்புறைகள்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு சிறிய கணினி சர்வீஸ் கடையில் 2007இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது பழுதுக்கு வந்த கணினிகள் அநேகமாக எல்லாமே விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கின. வைரஸ் என்றால் பார்மட் செய்துவிடுவதே எங்கள் வழக்கமாக இருந்தது.

தக்கலையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பென் டிரைவை நீட்டி, "மக்கா, எங்க ஊரு வில்லுப்பாட்டெல்லாம் டைப் அடிச்சு வச்சிருக்கேன், ஒண்ணும் போயிரப்பிடாது" என்றார். எக்ஸ்பியில் பார்த்தபோது எல்லாக் கோப்புறைகளும் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரிந்தன. லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான உபுண்டுவின் குறுவட்டிலிருந்து கணினியை இயக்கி அதே பென் டிரைவைத் திறந்ததும், ஒவ்வொரு பெயரும் இரண்டு முறை நின்றது. ஒன்று எக்ஸ்பியில் மறைக்கப்பட்டிருந்த உண்மையான கோப்புறை; மற்றொன்று கோப்புறையின் படத்தை மேலே ஒட்டிக்கொண்டு, '.இஎக்ஸ்இ' என முடியும் நிரல். அந்த நிரல்கள் அனைத்தும் ஒரே அளவில் இருந்தன. அவற்றையும், பென் டிரைவைச் செருகியதும் நிரலைத் தானாக இயக்கவைக்கும் 'ஆட்டோரன்' கோப்பையும் அழித்த பிறகு பாட்டுகள் முழுவதும் கிடைத்தன.

விண்டோஸில் இவ்வளவு எளிதாகப் பரவும் வைரஸ் லினக்ஸில் ஏன் அப்படிப் பரவுவதில்லை? அன்று தொடங்கிய இந்தக் கேள்விக்கு வேலையிலேயே விடை தேடினேன். எக்ஸ்பியை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கே நிர்வாகிக் கணக்காக இருந்தது. நிர்வாகி உரிமை இல்லாமல் பல மென்பொருள்கள் இயங்க மறுத்ததால், எல்லாரும் அதிலேயே அன்றாட வேலையையும் பார்த்தார்கள். ஆகவே ஒருவர் தவறுதலாகச் சொடுக்கிய நிரலுக்கு, கணினியின் எந்த மூலையையும் மாற்றும் அதிகாரம் அந்தக் கணமே கிடைத்துவிட்டது. 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளமோ பலர் ஒரே கணினியைப் பகிர்வதற்காக வளர்ந்தது; ஒருவருடைய கோப்பில் இன்னொருவர் கைவைக்க முடியாதபடி உரிமைகளைப் பிரித்தது. அந்த வழியில் வந்த லினக்ஸில், இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு தானாக இயங்காது. இயங்கும் அனுமதியை நாம் தர வேண்டும். மென்பொருள்களும் பெரும்பாலும் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட களஞ்சியங்களிலிருந்தே வருகின்றன. மைக்ரோசாஃப்ட்டும் எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அனுமதி கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 7இல் பென் டிரைவின் ஆட்டோரன்னை நிறுத்தியது. பெரிய நிம்மதி அது.

லினக்ஸை மேசைக் கணினியில் பயன்படுத்துவோர் குறைவு, அதனால்தான் வைரஸ் குறைவு என்பார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. உலகின் வலைச் சேவையகங்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது, அவற்றைத் தாக்க ஆளில்லாமல் இல்லை. அதேபோல, லினக்ஸ் என்றாலே பயமில்லை என்று நினைப்பதும் தவறு. 1988இல் மோரிஸ் புழு என்ற, தானாகவே கணினிக்குக் கணினி தாவும் நிரல் பரவியது யுனிக்ஸ் கணினிகளில்தான். 2016இல் மிராய் என்ற தீய நிரல், லினக்ஸில் இயங்கும் கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் புகுந்தபோது எந்த நுணுக்கமான பூட்டையும் உடைக்கவில்லை. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்தது.

அந்தச் செய்தி என்னை உலுக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் நான் மாட்டிய கேமராக்களில் பலவற்றை அதே பழைய கடவுச்சொல்லோடுதான் விட்டு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகத் திரும்பப் போய் மாற்றினேன். இப்போது கேமரா மாட்டி ஏணியிலிருந்து இறங்கியதும், புதிய கடவுச்சொல்லை வீட்டுக்காரரையே தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு, நான் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.