எங்கள் தெருவின் நாலு கிரவுண்டு: ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பூங்கா வாங்கிய கதை

வடசென்னை கொடுங்கையூரில் எங்கள் தெருக்கோடியில் நாலு கிரவுண்டு (கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி) காலி இடம். பல வருஷமாக யார் வீட்டை இடித்தாலும் ரப்பிஷ் அங்கேதான் வந்து விழும். எங்கள் பகுதியில் இருக்கும் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கின் புகை போதாதென்று வாசலிலேயே இன்னொரு மேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அந்த இடம் தெருவைவிட இரண்டடி உயரத்தில் நின்றது. அங்கே இறங்கியிருக்க வேண்டிய தண்ணீர் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் நோட்டுகளை மொட்டை மாடியில் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயவைத்தேன். அன்றைக்குத்தான் இதை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்து நடந்த ஏரியா சபைக் கூட்டத்தில், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் கூட்டத்தில், எழுதிக் கொடுத்தேன். சென்னையின் 200 வார்டுகளிலும் வார்டுக்குப் பத்து ஏரியா சபை உண்டு. உங்கள் பகுதியில் எப்போது கூடுகிறது என்று கேட்டு, கட்டாயம் போங்கள். எங்கள் கூட்டத்தில்தான் கவுன்சிலர் ‘நமக்கு நாமே’ திட்டத்தைச் சொன்னார். 1990களின் கடைசியில் கருணாநிதி ஆட்சியில் தொடங்கியது, 2021-ல் நகரங்களுக்கு மறுபடி வந்தது. வேலைக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போடும்.

மனு கொடுத்ததும் வந்த முதல் கேள்வி, “இந்த இடம் யார் பெயர்ல இருக்கு?” எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. புறம்போக்கு என்றார் ஒருவர். கேஸ் நடக்கிறது என்றார் இன்னொருவர். மூன்று மாதம் இதிலேயே போனது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

3,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வார்கள். அப்படி ஒதுக்கி ஒப்படைத்த இடத்துக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கும். எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் மனைப் பத்திரத்தோடு மடித்து வைத்திருந்த பழைய லேஅவுட் வரைபடத்தைத் தேடி எடுத்தார். அதில் எங்கள் காலி இடத்தின் மேல் ‘பூங்கா’ என்றே எழுதியிருந்தது! வரைபடத்திலிருந்த சர்வே எண்ணைப் போட்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தோம். அதில் பத்திர எண் கிடைத்தது. அதை வைத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கினோம். மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். தாத்தா அதைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தார். “நம்ம பசங்க இடத்துலதாம்மா இவ்ளோ நாளா ரப்பிஷ் கொட்டினு இருந்திருக்காங்க” என்றார்.

அப்புறம் மாநகராட்சி ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து அளந்து 12 லட்சத்துக்கு எஸ்டிமேட் போட்டார். ரப்பிஷ் அள்ளுவது, கம்பி வேலி, நடைபாதை, நடுவில் மழைநீர் தேங்கி இறங்க ஒரு குட்டை, உறைகிணறுகள். எங்கள் பங்கு நாலு லட்சம். சுமார் நூறு வீடு, வீட்டுக்கு 4,000 ரூபாய். துறைமுகத்தில் லோடு இறக்குபவரும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரும் இருக்கும் தெருவில் அதை ஒரே தடவையில் கேட்க முடியாது. சீட்டு கட்டுவதுபோல மாதம் 500, எட்டு மாதம் என்று வைத்தோம். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, தெருமுனையில் கணக்கு ஒட்டினோம். வாடகைக்கு இருப்பவர்களிடம் கேட்கவே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். அவர்களில் பதினோரு வீட்டுக்காரர்கள் தாங்களாகவே வந்து கொடுத்தார்கள். இட்லிக் கடை அக்கா வாரம் நூறு ரூபாயாகக் கொண்டுவந்து கொடுத்தார். இதைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அடையாறு அபார்ட்மென்டுக்கும் எங்கள் தெருவுக்கும் அதே மூன்றில் ஒரு பங்கு என்பது சரியில்லை. தேவை அதிகமாக இருக்கும் இடத்தில் மக்கள் பங்கைக் குறைக்க வேண்டும்.

எங்கள் பங்கை டி.டி.யாக (வங்கி வரைவோலை) கட்டினோம். அதில் நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். 50,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டி டி.டி. எடுக்க முடியாது, வங்கிக் கணக்கு வழியாகத்தான் எடுக்க வேண்டும். தாத்தா கணக்கில் போட்டு எடுத்தோம். பணம் சேர்ந்த சந்தோஷத்தில், கட்டச் சொல்லும் முன்பே எடுத்துவிட்டோம். டி.டி. மூன்று மாதம்தான் செல்லும். ஃபைல் நகர்வதற்குள் தேதி முடிந்துவிட்டது. வங்கிக்கு நடந்து அதைப் புதுப்பித்து வாங்க இரண்டு வாரம். அதற்குள் தெருவில் “பணம் போச்சா?” என்று பேச்சு கிளம்பியது. வீடு வீடாகப் போய் டி.டி.யைக் காட்டினேன். அனுமதி வந்து, கட்டச் சொல்லி எழுத்தில் கிடைத்த பிறகு டி.டி. எடுங்கள்.

டெண்டர், ஒர்க் ஆர்டர் எல்லாம் மாநகராட்சி பக்கத்து வேலை. நாம் அவ்வப்போது போய்க் கேட்டால் போதும். ஆனால் எஸ்டிமேட் நகலை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள். உறைகிணறு 15 அடி என்று அதில் இருந்தது. கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தோம், ஒன்றில் 11 அடிதான் வந்தது. ஏ.இ.யைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே மறுபடி அளந்தோம். இரண்டு நாளில் மீதியைத் தோண்டி உறை இறக்கினார்கள்.

முதல் பெரிய மழையில் குட்டை நிரம்பி, மறுநாள் மதியத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கேட் சாவி இட்லிக் கடை அக்காவிடம் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கே அடுப்பு பற்றவைப்பவர், அப்படியே வந்து திறந்துவிட்டுப் போகிறார்.