ரத்தப் பரிசோதனை நெகட்டிவ், புண் மட்டும் ஆறவில்லை

"ரத்தத்துல ஒண்ணும் இல்லம்மா. நீங்க நினைக்கிற நோய் இது இல்ல, கிளம்புங்க." இந்த ஒரு வார்த்தையால் எனக்குப் போனது ஏழு வாரம். கட்டைவிரல் நகமளவு இருந்த முன்கைப் புண் அதற்குள் இரண்டு மடங்காகிவிட்டது. கடைசியில் தோல் லீஷ்மேனியாசிஸ், அதாவது மணல் ஈ கடித்துத் தொற்றும் ஒட்டுண்ணி நோய் என்று உறுதியாகி, ஊசி போட்டு முடித்து, இப்போது வடு மட்டும்தான் மிச்சம். ஆனாலும் அந்த ஏழு வாரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வேலை விஷயமாகக் காட்டோரத்தில் சில வாரங்கள் வெட்டவெளியில் படுத்திருந்தேன். மணல் ஈ கடித்தது தெரியவே தெரியாது. 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், பறக்கும்போது சத்தமும் வராது. ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒரு பரு வந்தது. அது கட்டியாகி, நடுவில் உடைந்து, சுற்றிலும் கரை கட்டிய பள்ளமாக நின்றது. வலியே இல்லை. அதனால்தான் நானும் மெத்தனமாக இருந்துவிட்டேன். வலிக்காத புண் ஒன்று வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள்.

முதலில் பார்த்தவர் படை என்று நினைத்து ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் சிவப்பு வடிந்தது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் விளிம்பு தடித்துப் பரவ ஆரம்பித்தது. சிவப்பு குறைந்ததற்குக் காரணம் நோய் குறைந்ததல்ல. அங்கே போராடிக்கொண்டிருந்த என் எதிர்ப்பு சக்தியைத்தான் களிம்பு அடக்கிவிட்டது. இன்னதென்று தெரியாத புண்ணில் ஸ்டீராய்டு தடவாதீர்கள், யார் சொன்னாலும்.

அடுத்த இடத்தில் நானே கேட்டேன், "மணல் ஈயால வர்றதா இருக்குமா?" என்று. ரத்தம் எடுத்து, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நெகட்டிவ். அதோடு கோப்பை மூடிவிட்டார்கள். இந்த ஒட்டுண்ணியை 1903இல் சென்னையில் சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவிட்டார். அவர் பார்த்தது மண்ணீரலைத் தாக்கும் வகை, என்னுடையது தோலோடு நிற்பது. இந்த வித்தியாசம்தான் என் விஷயத்தில் எல்லாமே, அதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் வயதானவர். ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையே திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஒரு வட்டம் வரைந்தார். "இது மேக்ரோஃபேஜும்மா. கிருமிய விழுங்கிச் செரிக்கிற உயிரணு. உங்க ஒட்டுண்ணி இதுக்குள்ளதான் குடியிருக்கு."

அவர் சொன்னது, பிறகு நான் தேடிப் படித்தது இரண்டும் சேர்ந்து எனக்கு விளங்கியது இதுதான். ஈ கடித்த இடத்துக்கு முதலில் ஓடி வருவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. எலிகளில் இதை நுண்ணோக்கி வழியாக நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். அது ஒட்டுண்ணியை விழுங்குகிறது, ஆனால் ஒட்டுண்ணி சாவதில்லை. அந்த வெள்ளணு மடியும்போது அதைச் சுத்தம் செய்ய மேக்ரோஃபேஜ் வருகிறது, உள்ளே இருப்பதையும் சேர்த்து விழுங்குகிறது. மற்ற கிருமிகள் கரைந்துபோகும் அமிலப் பைக்குள் இது மட்டும் தன் நீண்ட வாலைச் சுருக்கி, உருண்டையாகி, அங்கேயே பெருகுகிறது. ஆன்டிபாடி ரத்தத்தில் மிதப்பது. அணுவுக்குள் இருப்பதை அது எப்படித் தொடும்? இங்கே வேலை செய்ய வேண்டியது டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணு. அவை இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையை அனுப்பினால்தான் மேக்ரோஃபேஜ் விழித்துக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடு தயாரித்து, தனக்குள் இருப்பதைத் தானே கொல்லும்.

உள்ளுறுப்பைத் தாக்கும் காலா அசாரில் ஆன்டிபாடி ஏராளமாக உருவாகும், அதனால் ரத்தப் பரிசோதனை அங்கே கைகொடுக்கும். தோலோடு நிற்கும் வகையில் ஆன்டிபாடி மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். ரத்தம் நெகட்டிவ் என்பதை வைத்து என்னை அனுப்பியிருக்கவே கூடாது.

ஆய்வகத்தில் ஒரே ஒட்டுண்ணியை, லீஷ்மேனியா மேஜரை, இரண்டு வகை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சி57 பிளாக் 6 வகைக்குப் புண் தானாக ஆறிவிடும். பால்ப்-சி வகைக்கு ஆறாமல் முற்றும். டி அணுக்கள் எந்த வகைச் சமிக்ஞையை அனுப்புகின்றன என்பதில்தான் வேறுபாடு. இதைப் படித்த அன்று அந்த ஸ்டீராய்டு களிம்பு நினைவுக்கு வந்து இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

இனி சிக்கல் இல்லை என்று நினைத்தேன். அந்தத் தோல் மருத்துவர் பயாப்ஸிக்கு, அதாவது புண்ணில் சிறு சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்க, எழுதினார். எடுத்த இடத்தில் சதைத் துண்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்து ஆய்வகத்துக்குப் போனால், அங்கிருந்த பெண் புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஃபார்மலின்ல ஊறினதுல கல்ச்சர் வளராதும்மா. பி.சி.ஆருக்கும் இது சரிப்படாது. திரும்ப எடுத்துட்டு வாங்க." போன கையோடு திரும்பினேன். சதை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: துண்டை எத்தனை பங்காகப் பிரிப்பார்கள், ஃபார்மலின் படாமல் ஒரு பங்கு தனியாக வருமா என்று. கையில் தையலோடு இரண்டாவது முறை போய்ப் படுப்பது கொடுமை.

இரண்டாவது முறை அந்த வயதான மருத்துவரே எடுத்தார். பொருக்கை நீக்கிச் சுத்தம் செய்து, நடுவில் தொடாமல், தடித்த விளிம்பில் எடுத்தார். ஒட்டுண்ணி அங்கேதான் அதிகம். புண் பழசாக ஆக எதிர்ப்பு சக்தி ஒட்டுண்ணியைக் குறைத்துக்கொண்டே போகும், அதனால் தாமதித்து வருபவர்களிடம் கண்டுபிடிப்பது கடினம் என்றார். என் அலைச்சல் எனக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது. நல்லவேளை, கீம்சா சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில் கிடைத்துவிட்டது. என்னையும் பார்க்கச் சொன்னார். மேக்ரோஃபேஜுக்குள் சின்னச் சின்ன முட்டைகள் போல, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியும் அதன் பக்கத்தில் ஒரு குட்டிக் கோடும். கண் கலங்கிவிட்டது. நான் கற்பனை செய்யவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

சிகிச்சை ஒழுங்காகவே நடந்தது. ஆன்டிமனி மருந்தைப் புண்ணின் விளிம்பிலேயே, தோல் வெளுக்கும் வரை, வாரம் ஒரு முறை செலுத்தினார்கள். வலி உயிர் போகும். இரண்டாவது வாரம் புண் முன்பைவிட வீங்கிச் சிவந்தது. பயந்துபோய் ஓடினேன். "மருந்து ஒட்டுண்ணியக் கொல்ல ஆரம்பிச்சதும் உங்க உடம்பு சுறுசுறுப்பாயிருச்சு. முதல் ரெண்டு மூணு வாரம் இப்படி ஆகும், நிறுத்திடாதீங்க" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இந்த வீக்கத்தைப் பார்த்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள். தானாகக் குறையும் வரை வாராவாரம் படம் எடுத்து வைத்தேன். அதை ஒப்பிட்டுத்தான் ஆறுவதை உறுதி செய்தோம்.

தோல் மூடி ஆறு மாதம் ஆகிறது. புண் ஆறினாலும் ஒட்டுண்ணி கொஞ்சம் உடலில் தங்கியிருக்கலாம், டி அணுக்கள்தான் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எதிர்ப்பு சக்தியை அடக்கும் எந்த மருந்தாக இருந்தாலும் முன்கூட்டியே இதைச் சொல்ல வேண்டும் என்று கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியும் கொடுத்தார். போன மாதம் மூட்டு வலிக்காகப் போயிருந்தேன். அங்கிருந்தவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதத் தொடங்கினார். நான் கோப்பைத் திறந்து முன்னால் வைத்தேன். படித்தார், பேனாவை மூடினார். "எந்தக் கையில வந்துச்சு, காட்டுங்க" என்றார்.