மருந்து கொடுப்பவரின் பொறுப்பு

டாக்டர் எழுதுகிறார், நர்ஸ் கொடுக்கிறார் என்பதுதான் மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களின் எண்ணம். புதிதாக வார்டுக்கு வரும் செவிலியர்களில் பலரும் அதே எண்ணத்தோடுதான் வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் விதிகள் அப்படிச் சொல்லவில்லை. எந்தெந்தச் செயல்களுக்காகவும் எந்தெந்தக் கடமைகளைச் செய்யாமல் விட்டதற்காகவும் ஒரு செவிலியர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று செவிலியர் கவுன்சிலின் விதிகள் வகுத்திருக்கின்றன. நோயாளியைச் சரியாக அடையாளம் காணத் தவறுவது, மருந்தைச் சரியாகக் கொடுக்கத் தவறுவது, தெளிவான பதிவு வைக்கத் தவறுவது எல்லாம் அதில் அடங்கும். "டாக்டர் எழுதியிருந்தார், கொடுத்துவிட்டேன்" என்ற பதில் அங்கே நிற்காது. டர்பனில், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பக்கத்து மக்கள் அதிகமாக வரும் வார்டுகளிலும் பிறகு ஒரு கிளினிக்கிலும் வேலை பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. சந்தேகம் வந்த இடத்தில் கையை நிறுத்திக் கேட்பதும் மருந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்ததுதான். அப்படி நிறுத்த இடம் தராத வார்டில் எவ்வளவு கவனமான செவிலியரும் நோயாளியை முழுமையாகக் காப்பாற்றிவிட முடியாது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வது. எங்கள் பக்கத்து வார்டுகளில் இது சொல்வதுபோல் எளிதல்ல. கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்ற குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஒரே வார்டில், சில நேரம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், அதே குடும்பப் பெயரும் அதே முதலெழுத்தும் உள்ள இரண்டு பேர் படுத்திருப்பார்கள். ஒரு நாள் காலை மருந்து வண்டியோடு போன இளம் நர்ஸ், காது மந்தமான ஒரு மூதாட்டியிடம், "கோவெண்டர் ஆயாதானே?" என்று கேட்டார். ஆயா சிரித்துத் தலையாட்டினார். அவரும் கோவெண்டர்தான். ஆனால் மருந்துக் கோப்பையில் இருந்த, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எதிர்க் கட்டிலில் இருந்த கோவெண்டருக்கு எழுதப்பட்டது. உடன் போயிருந்த நான், "ஆயா, உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, கைப்பட்டையில் இருந்த மருத்துவமனை எண்ணை மருந்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வேற்றுமை தெரிந்தது. பெயரை நாம் சொல்லி ஆமாம் வாங்கக் கூடாது, அவர்களையே சொல்ல வைக்க வேண்டும் என்று பயிற்சியில் எல்லோரும் படித்ததுதான். வயதானவர்கள் மரியாதைக்காகவே தலையாட்டுவார்கள் என்பது வார்டில்தான் தெரியவரும். பிறந்த தேதியையும் கேட்கலாம்; பழைய தலைமுறையினரில் சிலருக்குப் பதிவில் இருக்கும் தேதியே தோராயமானது என்பதால் நான் எண்ணையே நம்புவேன்.

அடுத்தது அட்டையைப் படிப்பது. இந்த நாட்டில் தசமத்துக்குப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுகிறோம். 0,5 மில்லிகிராம் என்று எழுத வேண்டியதை அவசரத்தில் முன்னுள்ள பூஜ்யத்தை விட்டு எழுதி, அந்தக் காற்புள்ளியும் பேனாவில் சரியாக விழாமல் போனால், அது 5 ஆகிவிடும். டோஸ் பத்து மடங்கு. இன்சுலினில் ஆபத்து இன்னும் கூடுதல். யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதாமல் U என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டால் 4 யூனிட் 40 ஆகத் தெரியும். ஆகவே இன்சுலினை ஒருவர் சிரிஞ்சில் இழுத்ததும், இன்னொருவர் அட்டையையும் குப்பியையும் சிரிஞ்சின் கோட்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். முதலாமவர் "நாலு யூனிட், பார்த்துக்கொள்" என்று சொல்லிக் காட்டினால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. கேட்ட எண்ணைத்தான் கண்ணும் காணும். இரண்டாமவர் எண்ணைத் தாமே வாசித்துச் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் வார்டில் எடை எழுதாத அட்டையை நான் ஏற்பதில்லை. பாராசிட்டமால் போன்ற எளிய மருந்துக்கே கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போடுகிறோம். 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம். இங்கே கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருப்பதால் கணக்கு சரியாக வரும். அதே கணக்கில் எடையைக் கண்ணளவால் 12 என்று போட்டால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் வீட்டில் சமையலறைக் கரண்டியால் அளப்பவர்கள் அவர்கள்தான்.

இரவுப் பணியில் தொலைபேசி வழியாக வரும் உத்தரவு தனிக் கதை. ஒரே இளம் டாக்டர் அவசரப் பிரிவையும் மூன்று நான்கு வார்டுகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவரால் மேலே வர முடியாது என்பது உண்மைதான். எங்கள் நடைமுறை இது: இரண்டு செவிலியர்கள் கேட்க வேண்டும், கேட்கும்போதே அட்டையில் எழுத வேண்டும், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும், டாக்டர் 24 மணி நேரத்துக்குள் வந்து கையெழுத்திட வேண்டும். பிஃப்டீன், பிஃப்டி இரண்டும் தொலைபேசியில் ஒன்றாகவே ஒலிக்கும் என்பதால் "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிக் கேட்பேன். "சிஸ்டர், சொன்னேனே, கொடுத்துவிடுங்கள்" என்று சலித்துக்கொண்ட ஒரு டாக்டரிடம், "டாக்டர், எழுதியதை வாசிக்கிறேன், சரி என்று சொன்ன பிறகு கொடுக்கிறேன்" என்று சொன்னேன். வாசித்ததும் அவரே மருந்தின் வேளையை மாற்றினார். மறுநாள் கையெழுத்திட வந்தபோது நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் பேசியது பணிவுக் குறைவு என்று பக்கத்தில் இருந்த ஒரு மூத்தவர் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பொட்டாசியம் குளோரைடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 15 சதவீதக் கரைசல் 10 மில்லிலிட்டர் ஆம்பூலில், அதாவது சிறு மருந்துக் குப்பியில், 20 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. டிரிப்பில் நன்றாகக் கலந்து, மெதுவாக மணிக்கணக்கில் ஏற்றினால் அது உயிர் காக்கும். கலக்காமல் நேராக ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அந்த ஆம்பூலும் ஊசிமருந்து கலக்கும் வெறும் நீர் ஆம்பூலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, நள்ளிரவில் கவனமாக இரு என்று நர்ஸிடம் சொல்வது நியாயமல்ல. பொட்டாசியத்தைத் தனி அலமாரியில், சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டி, டிடிஏ அலமாரிக்குப் பக்கத்தில் பூட்டி வைக்க வேண்டும் என்று எங்கள் பொறுப்பு சிஸ்டர் விடாமல் கேட்டு வாங்கினார். டிடிஏ என்று நாங்கள் பழைய பெயரில் சொல்வது மார்ஃபின், பெத்திடின் போன்ற ஆறாம் அட்டவணை மருந்துகளை வைக்கும் அலமாரி. 1965-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் மருந்துச் சட்டத்தின்கீழ் வரும் இந்த மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. சாவி பதிவு பெற்ற செவிலியரின் சட்டைப் பையில் இருக்கும். ஒவ்வொரு பணிமாற்றத்திலும் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஆம்பூல்களை எண்ணி, பதிவேட்டோடு பொருந்தினால்தான் சாவி கைமாறும்.

கொடுக்காமல் வைப்பதற்கும் பதிவு வேண்டும். இதய மருந்தான டைகாக்சின் கொடுக்குமுன் ஒரு முழு நிமிடம் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத் துடிப்பை எண்ணுகிறோம். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுகிறோம். அட்டையில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், கொடுத்தார்களா மறந்தார்களா என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது. அவர் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கொடுத்துவிடவும் கூடும். "துடிப்பு 52, கொடுக்கவில்லை, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று நேரத்தோடு எழுதுவதுதான் மருந்தை நிறுத்திய வேலையை முடிப்பது.

கிளினிக்கில் நிலை வேறு. 2005-ஆம் ஆண்டின் செவிலியர் சட்டம் 56-ஆம் பிரிவில், உரிய பயிற்சியும் அனுமதியும் பெற்ற செவிலியர் தாமே நோயாளியைப் பார்த்து, ஆரம்பச் சுகாதார நிலைக்கான அத்தியாவசிய மருந்துகளை எழுத வழி செய்திருக்கிறது. 2010 முதல் எச்ஐவி சிகிச்சையையும் செவிலியர்களே தொடங்கி நடத்துகிறார்கள். அதனால் பிழைத்திருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன், இந்த நாட்டின் செவிலியர்கள் செய்த மிகப் பெரிய வேலை இது என்றே நினைக்கிறேன். ஆனால் எழுதுபவரும் கொடுப்பவரும் ஒருவரே ஆகும்போது, வார்டில் இருந்த இரண்டாவது கண் போய்விடுகிறது. 2019-இல் டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து கலந்த ஒற்றை மாத்திரை வந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் கல்லீரல் டோலுடெக்ராவிரை வேகமாகக் கரைத்துவிடுவதால், அவருக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 50 மில்லிகிராம் தர வேண்டியிருந்தது. காசநோய் அட்டை ஒரு அறையிலும் எச்ஐவி கோப்பு இன்னொரு அறையிலும் இருந்தால் யார் அதை நினைவில் வைப்பது?

எங்கள் மக்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி விரதம். புரட்டாசியிலும் காவடிக்கு முந்தைய நாட்களிலும் நீரிழிவுக்காரர்கள் ஒரு வேளை உணவோடு இருப்பார்கள்; சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்ளசைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்வார்கள், சிலர் பாகற்காய்ச் சாற்றையும் சேர்த்துக் குடிப்பார்கள். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்த ஒரு ஐயாவிடம், "விரதம் என்று ஏன் சொல்லவில்லை, ஐயா?" என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லையே, சிஸ்டர்" என்றார். அதிலிருந்து அந்த மாதங்களுக்கு முன்பே கேட்டு, டாக்டரோடு பேசி டோஸை மாற்றி எழுதுகிறோம்.

2017-இல் உலக சுகாதார நிறுவனம், மருந்தால் நேரும் தடுக்கக்கூடிய கடும் தீங்கை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக அளவில் இலக்கு வைத்தது. அந்தச் சுவரொட்டி எங்கள் கிளினிக்கிலும் ஒட்டப்பட்டது. சுவரொட்டியைவிட உதவியது, தவறு நேரவிருந்து தடுக்கப்பட்டவற்றைப் பெயர் இல்லாமல் எழுதிப் போட ஒரு நோட்டுப் புத்தகம் வைத்ததுதான். எழுதியவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கப் போவதில்லை என்று மேற்பார்வையாளர் வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றியும் காட்டிய பிறகே எழுதத் துணிந்தார்கள். ஒரே மாதிரி உறையில் வந்த இரண்டு மாத்திரைகளை வெவ்வேறு தட்டுக்கு மாற்றியது அந்த நோட்டைப் பார்த்துத்தான். இப்போது காசநோயும் எச்ஐவியும் சேர்ந்தவர்களின் மருந்துப் பையை இன்னொரு சிஸ்டர் பார்த்த பிறகே வெளியே அனுப்புகிறோம். வரிசை நீளுகிறது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் காத்திருக்கும் காரணத்தை நானே எழுந்து போய்ச் சொல்கிறேன்.