சாயம் இறங்குதா? சோடா ஆஷைக் கூட்டாதீங்க

திருப்பூர்ப் பக்கம் "கலர் இறங்குது" என்று துணி திரும்பி வந்தால், அடுத்த லாட்டுக்குச் சோடா ஆஷை, அதாவது சாயம் பிடிக்கப் போடுகிற சலவைக் காரத்தை, கூட்டுகிறார்கள். இல்லையென்றால் ஃபிக்சர் (சாயத்தைப் பிடித்து வைக்கிற ரசாயனம்) போட்டு அனுப்புகிறார்கள். இரண்டுமே தப்பான இடத்தில் போடுகிற மருந்து.

ரியாக்டிவ் சாயம் என்றால் இழையோடு வினைபுரிந்து பிணைகிற சாயம். பருத்தியில் அது இரண்டு விதமாக நிற்கும். ஒன்று, மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு: ஹைட்ரஜன் பிணைப்பு, வான்டர்வால்ஸ் விசை. மற்றது, சாயத்தின் கார்பனுக்கும் பருத்தி இழையான செல்லுலோஸின் ஆக்சிஜனுக்கும் நடுவே, எலக்ட்ரான்களைப் பகிர்ந்து உருவாகிற சகப்பிணைப்பு. இந்த ஒற்றைப் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 360 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 சொச்சம் போதும்.

100 கிலோ பனியன் துணி, 1:6 தண்ணீர் என்றால் 600 லிட்டர். 3 சதவீத ஷேடுக்குச் சாயம் 3 கிலோ, லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் உப்பு 36 கிலோ. தண்ணீருக்குள் பருத்தி, சாயம் இரண்டுக்குமே எதிர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். உப்பின் சோடியம் அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தி, சாயத்தைத் துணிக்கு அனுப்புகிறது. இந்தக் கட்டத்தில் ஒரு துண்டை வெட்டி வெந்நீரில் போட்டால் கலர் கழன்று வரும். இன்னும் பிணைப்பு இல்லை, ஒட்டல்தான்.

அப்புறம் 60 டிகிரியில் சோடா ஆஷ் 12 கிலோ. அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பி.எச். 11-ஐ ஒட்டி ஏறும்போது செல்லுலோஸ் சாயத்தோடு பிணையும். ஆனால் தண்ணீரும் அதே சாயத்தோடு வினைபுரிகிறது. அப்படித் தண்ணீரிடம் போன சாயத்துக்குப் பிணைய வேண்டிய கை போய்விட்டது. நிறமும் ஒட்டும் குணமும் மட்டும் அப்படியே இருக்கும். வாடிக்கையாளர் வீட்டு வாளியில் இறங்குவது பெரும்பாலும் இதுதான். சோடாவைக் கூட்டினால் இதுவும் கூடும். ஃபிக்சரோ நேர்மின்சுமையால் சாயத்தைப் பிடித்து வைக்கிறதே தவிர, புதிதாகச் சகப்பிணைப்பு எதையும் உண்டாக்குவதில்லை.

ஆகவே கவனம் அலசலில் இருக்க வேண்டும், அதுவும் வரிசை தப்பாமல். முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே வரும்வரை அலசுங்கள். சாயத்தைத் துணிக்குத் தள்ளிய அதே உப்பு, போக வேண்டிய சாயத்தையும் இறங்க விடாது. பிறகு அசிட்டிக் ஆசிட் விட்டு பி.எச். 6 முதல் 7. இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகவே கூடாது. ரியாக்டிவ் சாயத்தில் ஒரு வகையான வினைல் சல்ஃபோன் சாயத்தின் பிணைப்பு, ஆற்றல் கணக்கில் கெட்டியாகத் தெரிந்தாலும், சூடான காரத்தில் கழன்றுவிடும். காரத்தோடு சோப்பிங்குக்கு (சோப்பு கலந்த வெந்நீர் அலசலுக்கு) போனால் நன்றாகப் பிணைந்த சாயத்தையும் நாமே பிரித்து எடுக்கிறோம். அதன் பிறகுதான் 95 டிகிரி சோப்பிங், 15 நிமிஷம். அடர் ஷேடுக்கு இரண்டு தடவை. அந்தச் சூட்டில் ஒட்டல் தளரும், பிணைப்பு நிற்கும். நம்ம ஊர் போர் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். கால்சியம் சாயத்தைக் கரையவிடாமல் துணியிலேயே படிய வைக்கும்.

டர்காய்ஸ் என்கிற நீலப்பச்சைச் சாயத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. மூலக்கூறு பெரிது, தட்டையானது, வான்டர்வால்ஸ் ஒட்டல் கூடுதல். 80 டிகிரியில் சாயமிட வேண்டும். சோப்பிங்கும் ஒன்று கூடவே வேண்டும்.

மெஷினை விட்டு இறக்குமுன் ஈரத்துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு வெள்ளைப் பருத்தித் துணிக்கு நடுவே வைத்து, காயும்வரை சூடான இஸ்திரிப்பெட்டியை அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் இன்னொரு சோப்பிங் பாக்கி இருக்கிறது.