அம்மாவுக்கு உச்சிக்கொண்டை, மகளுக்குப் பின்கொண்டை

ஜூலை வெயிலில் காலை முழுக்க ரோம் நகரின் பழைய பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தைச் சுற்றிவிட்டு, டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பலாட்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குளுமைக்காகத்தான். நாணயங்கள் அடித்தளத்தில் இருக்கின்றன. வங்கி லாக்கர் அறை மாதிரி கனமான கதவு. உள்ளே பூதக்கண்ணாடியை நகர்த்திப் பார்க்கலாம்.

கூட்டமெல்லாம் தங்கக் காசுகளிடம். என்னைப் பிடித்துக்கொண்டவை செஸ்டெர்டியஸ் என்ற பண்டைய ரோமானியக் காசுகள். ஒவ்வொன்றும் சுமார் 25 கிராம். வெண்கலக் காசு என்று சொல்கிறார்களே தவிர, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைதான். ஒரு பக்கம் அரசி, மறுபக்கம் தெய்வம், கூடவே ‘எஸ் சி’ என்று இரண்டு எழுத்துகள். ரோமின் ஆட்சி மன்றமான செனட்டின் ஆணைப்படி என்று பொருள்.

“கொண்டையை வச்சே சொல்லிடலாம்டா, இது அம்மா, அது பொண்ணு” என்றாள் அக்கா. சரியாகத்தான் சொன்னாள். பேரரசர் அன்டோனினஸ் பயஸின் மனைவி மூத்த ஃபாஸ்டினா, பின்னலைச் சுருட்டி உச்சியில் வைத்திருக்கிறாள். மகள் இளைய ஃபாஸ்டினா, அவருக்குப் பின் பேரரசரான மார்க்கஸ் அரேலியஸின் மனைவி. இவளுக்குக் கொண்டை பிடரியில்.

அம்மா கி.பி. 140 வாக்கில் இறந்துபோனாள். கணவர் அவளைத் தெய்வமாக்கி, அவள் பெயரில் ஏராளமாகக் காசு அடித்தார். பின்பக்கத்தில் விளைச்சல் தெய்வம் சீரிஸ், அடுப்புத்தீயின் தெய்வம் வெஸ்டா, நித்தியத்தின் உருவமான ஏடெர்னிடாஸ். காலையில் ஃபோரத்தில் பார்த்த கோயிலும் அவளுக்காகக் கட்டியதுதான். இப்போது அதற்குள் ஒரு தேவாலயம். சுற்றியிருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டதால் அதன் வாசல் அந்தரத்தில் தொங்குகிறது. அங்கே கல்வெட்டிலும் ‘எஸ் சி’ இருந்தது. காலையில் எனக்கு அது வெறும் எழுத்து.

மகளின் காசுகள் வேறு மாதிரி. பிரசவம் காக்கும் ஜூனோ லூசினா, பிள்ளைப்பேற்றின் உருவமான ஃபெகுண்டிடாஸ் என்று திரும்பத் திரும்பத் தாய்மைதான். பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் குறையாமல் பெற்றவள். பாதிக்கு மேல் சிறு வயதிலேயே போய்விட்டன. 161-இல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தபோது அடித்த காசில் தெய்வம்கூட இல்லை. துணி விரித்த ஆசனத்தில் இரண்டு குழந்தைகள், சுற்றிலும் ‘யுகத்தின் மகிழ்ச்சி’ என்ற வாசகம். ஒருவன் கொமோடஸ், பின்னாளில் பேரரசன். இன்னொருவன் நாலு வயதில் இறந்தான்.

“இதுல கொமோடஸ் எவன்?” என்றாள் அக்கா.

பூதக்கண்ணாடியை நேராகக் கொண்டுவந்து பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.